அப்கிரேடா, ஃபுல் வெர்ஷனா? விண்டோஸ் பெட்டிகள் சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் மலாக்கா சுல்தான்களும் ராஃபிள்ஸும் ஜப்பானியர் ஆட்சியும்தான் நம் நினைவுக்கு வரும். நாள்தோறும் கைவைக்கும் கணினிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுப்போம். 1990களிலும் 2000களிலும் கணினிக் கடைக்குப் போனவர்கள் கேட்ட கேள்விதான் அது: “அப்கிரேட் போதுமா, ஃபுல் வெர்ஷன் வாங்கணுமா?”

கேட்கச் சின்னக் கேள்வி. ஆனால் ஒரு பொருளை வாங்கினால் அது உண்மையிலேயே நமக்குச் சொந்தமா, சொந்தம் என்றால் அதை எப்படி நிரூபிப்பது என்ற பெரிய கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது. மென்பொருள் உரிமம், இயங்குதளத்தை நிறுவுதல் ஆகிய தலைப்புகளைக் கற்பிக்கும்போது இந்தக் கதை கைகொடுக்கும் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விலையைப் பார்ப்போம். 2001 அக்டோபர் 25ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கான ‘ஹோம்’ பதிப்புக்கு அமெரிக்காவில் இரண்டு விலை. மேம்படுத்தல் பதிப்பு 99 டாலர், முழுப் பதிப்பு 199 டாலர். ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மலேசியா நாணய மதிப்பைக் கட்டிவைத்திருந்த காலம் அது. அமெரிக்க விலையை அப்படியே பெருக்கிப் பாருங்கள். ஒன்று 376 ரிங்கிட், மற்றது 756 ரிங்கிட். இரண்டு பெட்டியிலும் இருந்தது ஒரு குறுவட்டு. நிறுவி முடித்த பிறகு இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது அப்கிரேட், எது ஃபுல் என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே விண்டோஸ்தான்.

அப்புறம் அந்த 100 டாலர் எதற்கு? விடை நிறுவும்போது தெரியும். மேம்படுத்தல் பதிப்பு ஒரு கேள்வி கேட்கும்: “இதற்கு முன் உங்களிடம் என்ன இருந்தது? காட்டுங்கள்.” முழுப் பதிப்பு அதைக் கேட்காது. அவ்வளவுதான் வித்தியாசம். சுருக்கமாகச் சொன்னால், பழைய உரிமத்தைக் காட்டினால் பாதி விலை. இந்தக் கேள்விக்கு எதைச் சான்றாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றம்தான் நம் பாடம்.

டாஸ் காலத்திலிருந்து தொடங்குவோம்

1980களில் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தை மைக்ரோசாப்ட் நம்மைப் போன்ற பயனருக்கு நேரடியாக விற்கவில்லை. கணினி தயாரிக்கும் நிறுவனங்களுக்குத்தான் உரிமம் கொடுத்தது. அவர்கள் கணினியோடு சேர்த்து விற்றார்கள். 1991 ஜூனில் வந்த டாஸ் 5.0 தான் கடையில் பெட்டியாகப் பயனர் கைக்கு வந்த முதல் பதிப்பு. அதுவும் மேம்படுத்தல் பதிப்பாகவே வந்தது. கணினி வைத்திருந்தவரிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு டாஸ் இருக்கும் என்ற கணக்கு.

அந்தப் பெட்டி நடந்துகொண்ட விதமும் சுவையானது. பழைய டாஸ் கோப்புகளை அது அழித்துவிடவில்லை. ‘ஓல்டு டாஸ்’ என்று பொருள்படும் ஓர் அடைவை உருவாக்கி அதற்குள் பத்திரமாக வைத்தது. புதியது பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகலாம். பழையதை ஓரமாக எடுத்துவைக்கும் இந்தப் பழக்கம் விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற பெயரில் மறுபடியும் வரும்.

எல்லாரிடமும் ஏற்கெனவே டாஸ் இருந்தது எப்படி? இங்கேதான் காரணத்தைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்ட வேண்டும். மைக்ரோசாப்ட் தயாரிப்பாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் ‘ஒவ்வொரு செயலிக்கும் கட்டணம்’ என்ற முறை இருந்தது. குறிப்பிட்ட வகைச் செயலி பொருத்தி விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் டாஸ் போட்டாலும் போடாவிட்டாலும், மைக்ரோசாப்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். எப்படியும் பணம் கட்டியாச்சு, பிறகு யார் இன்னொரு நிறுவனத்தின் டாஸுக்கும் சேர்த்துச் செலவு செய்வார்? அமெரிக்க நீதித் துறை இதைக் கையில் எடுத்தது. 1994இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மைக்ரோசாப்ட் அந்த முறையைக் கைவிட்டது. அதற்குள் சந்தை மைக்ரோசாப்ட் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது என் கருத்து.

போட்டியாளரின் பக்கமும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/2 வார்ப் 1994இல் வெளிவந்தது. அது இரண்டு வகையாக விற்கப்பட்டது. ஒன்று உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் 3.1ஐயே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். இன்னொன்று விண்டோஸ் நிரலையும் தன்னோடு கொண்டுவரும், விலையும் கூடுதல். காரணம், அந்த நிரலுக்கு ஐபிஎம் மைக்ரோசாப்ட்டுக்கு உரிமத் தொகை கொடுக்க வேண்டும். ஆக, எதிரியின் பொருளை வாங்கியவருக்கு எதிரியே தள்ளுபடி வாங்கிக் கொடுத்த கதை. மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உடனே சிரிப்பார்கள். மறக்கவும் மாட்டார்கள்.

வட்டைப் போடு, வழியை விடுகிறேன்

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 வெளிவந்த நாள். அமெரிக்கக் கடைகளில் நள்ளிரவில் மக்கள் வரிசையில் நின்றார்கள். மேம்படுத்தல் விலை 109.95 டாலர், முழு விலை 209.95 டாலர். குறுவட்டாகவும் வாங்கலாம், 13 நெகிழ்வட்டுகளாகவும் வாங்கலாம்.

சிங்கப்பூரில் மூலாதார வினாக்களைக் கற்பிக்கும் வரலாற்று ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் 95, 98 காலத்து விலைகூடிய பெட்டியில் ‘விண்டோஸ் இல்லாத கணினிகளுக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இந்த வாசகத்தை ஒரு மூலாதாரமாக வகுப்பில் வையுங்கள். யாரை நோக்கி எழுதியது? எதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது? விண்டோஸ் இருப்பதுதான் இயல்பு, இல்லாததுதான் விதிவிலக்கு என்ற எண்ணம் அந்த வாசகத்திலேயே தெரிகிறது. முழுப் பதிப்பு என்பது ‘முழுமையான’ பொருள் என்பதைவிட, இயல்புக்கு வெளியே நிற்பவருக்கான பொருள்.

நம் ஊரில் அப்படி வெளியே நின்றவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர், கோலாலம்பூரின் இம்பி பிளாசா போன்ற இடங்களில் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தும் பழக்கம் பரவலாக இருந்தது. தாய்ப்பலகை ஒரு கடையில், வன்தட்டு இன்னொரு கடையில். அப்படிப் பொருத்திய கணினியோடு எந்த உரிமமும் வராது. சட்டப்படி போக வேண்டுமானால் அவருக்கு மேம்படுத்தல் பதிப்பு செல்லாது. மலிவாகக் கணினி வாங்கியவருக்கே விலைகூடிய விண்டோஸ் என்ற இக்கட்டு. திருட்டுக் குறுவட்டுகள் ஏன் அவ்வளவு பரவின என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. காரணம் கூறுக என்று கேட்டால் பேராசை என்ற ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். மலேசியா 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டத்தையே தனியாகக் கொண்டுவர வேண்டி வந்தது.

சரி, விண்டோஸ் 95 மேம்படுத்தல் பதிப்பு எப்படிச் சான்று கேட்டது? முதலில் வன்தட்டில் பழைய விண்டோஸ் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் பேசாமல் வேலையைத் தொடரும். வன்தட்டு துடைத்துக் காலியாக இருந்தால், பழைய விண்டோஸின் முதல் நெகிழ்வட்டைப் போடச் சொல்லும். போட்டால் வழிவிடும். அந்த வட்டைத் தொலைத்தவர், பழுதாக விட்டவர், ‘இனி எதுக்கு இது’ என்று தூக்கிப் போட்டவர் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். பணம் கொடுத்து வாங்கியது உண்மைதான். ஆனால் சான்று ஒரு பிளாஸ்டிக் சதுரத்துக்குள் அல்லவா இருந்தது!

இரண்டு அர்த்தங்கள், ஒரே சொல்

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஆசிரியர்களிலும் சிலர் குழம்பிக் கேட்டிருக்கிறேன். ‘அப்கிரேட்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வாங்கும் உரிமம், அதாவது பழையது இருப்பவருக்குக் குறைந்த விலை. மற்றொன்று நிறுவும் முறை. பழைய விண்டோஸின் மேலேயே புதியதைப் போடுவது, நம் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். இதற்கு எதிர் முறை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. கடைக்காரர்கள் ‘கிளீன் இன்ஸ்டால்’ என்பார்கள்.

மேம்படுத்தல் உரிமம் வாங்கியவர் மேலேயேதான் போட வேண்டும் என்று இல்லை. முழுப் பதிப்பு வாங்கியவர் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றும் இல்லை. உரிமம் வேறு, முறை வேறு. இதற்கு மிகத் தெளிவான சான்று 2009 அக்டோபர் 22இல் வந்த விண்டோஸ் 7. எக்ஸ்பி வைத்திருந்தவருக்கு மேம்படுத்தல் விலை உண்டு. ஹோம் பிரீமியம் பதிப்பு 199.99 டாலருக்குப் பதில் 119.99 டாலர். ஆனால் எக்ஸ்பியின் மேலேயே அதைப் போட முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும், பழைய மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும். விஸ்டா வைத்திருந்தவருக்கு மட்டும் மேலேயே போடும் வசதி. அதிலும் 32 பிட் பதிப்பிலிருந்து 64 பிட் பதிப்புக்குப் போனால் அதுவும் கிடையாது. விடைத்தாளில் இந்த ஒரு எடுத்துக்காட்டை எழுதினாலே உரிமத்தையும் முறையையும் பிரித்துக் காட்டிவிடலாம்.

இந்த இரண்டாவது அர்த்தம், அதாவது நிறுவும் முறை, தமிழாசிரியர்களை மற்றவர்களைவிட அதிகமாகப் பாதித்தது. ஏன் என்று விளக்குகிறேன்.

விண்டோஸ் 95, 98 இரண்டுக்கும் தமிழ் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. யூனிகோடு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தும், இந்த இயங்குதளங்கள் அதைத் தமிழுக்குப் பயன்படுத்தவில்லை. நாம் செய்தது ஒரு தந்திரம். ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து எழுத்துருவாக்கினோம். கணினி உள்ளே ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும், திரையில் மட்டும் ‘அ’ தெரியும். ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு வரிசை. திஸ்கி ஒன்று, டாப் ஒன்று, டாம் ஒன்று, இவற்றில் எதிலும் சேராதவை இன்னும் எத்தனையோ. 1997இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டிலேயே இந்தக் குழப்பம் பேசப்பட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களை நிறுவித்தான் தட்டச்சு செய்தோம்.

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000தான் யூனிகோடு தமிழை ஏற்றுக்கொண்ட முதல் விண்டோஸ். ‘லதா’ என்ற எழுத்துருவும் அதோடு வந்தது. அடுத்து எக்ஸ்பியும் அதையே தொடர்ந்தது. ஆனால் எக்ஸ்பியில் தமிழ் தானாக வேலை செய்யாது. மொழி அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் சரி போட வேண்டும். அப்போது நிறுவிய குறுவட்டைக் கேட்கும். விஸ்டாவில்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது விண்டோஸ் 98 கணினியில் ஐந்து ஆண்டுத் தேர்வுத்தாள்களைத் தட்டிவைத்திருந்த ஓர் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிக்கு மாற வேண்டும். மேலேயே போட்டால் பழைய எழுத்துருக்கள் அப்படியே இருக்கும், தேர்வுத்தாள்களும் திறந்தால் தமிழாகவே தெரியும். ஆனால் 98க்கென்று எழுதிய தட்டச்சு மென்பொருள் எக்ஸ்பியில் ஓடுமா என்பது சந்தேகம், ஏனென்றால் எக்ஸ்பியின் உள்கட்டமைப்பே வேறு. துடைத்துவிட்டுப் போட்டால் கணினி சுறுசுறுப்பாக இருக்கும், யூனிகோடும் சுத்தமாக வரும். ஆனால் பழைய கோப்புகளைப் பிரதி எடுத்துவைத்திருந்தாலும், எழுத்துருவை மறந்திருந்தால் திறந்த பக்கம் முழுக்க அர்த்தமில்லாத குறிகள்தான். கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் முடியாது.

கணினிக் கடைக்காரர் ‘ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்’ என்று சொல்லும்போது அவருக்கு இந்தக் கவலை கிடையாது. அவருடைய மற்ற வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதுகிறவர்கள், அவர்கள் கோப்பு எந்த எழுத்துருவிலும் படிக்கக்கூடியதாக இருக்கும். இன்றைக்கும் பள்ளியின் பழைய வன்தட்டுகளில் அப்படிப்பட்ட கோப்புகள் கிடக்கலாம். திறந்து குறிகள் தெரிந்தால் ‘கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் தட்டியது என்று கண்டுபிடித்தால், எழுத்துரு மாற்றி வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பிடி இறுகுகிறது

மறுபடியும் சான்றுக் கதைக்கு வருவோம். எக்ஸ்பி வந்தபோது எந்தப் பழைய விண்டோஸ் செல்லும் என்ற பட்டியல் சுருங்கியது. 98, மில்லெனியம் ஆகியவை செல்லும். 95 செல்லாது. என்டி 4, விண்டோஸ் 2000 வைத்திருந்தவர் 199 டாலருக்கு விற்ற ‘புரொஃபஷனல்’ மேம்படுத்தலுக்குத்தான் போகலாம். 1995இல் வாங்கியவர் இடையில் எதையும் வாங்காமல் ஆறு ஆண்டு ஓட்டியிருந்தால் அவர் புது ஆள் மாதிரி முழு விலை கொடுக்க வேண்டும். சிக்கனமாக இருந்ததற்கு அபராதம்!

எக்ஸ்பியோடு வீட்டுப் பயனருக்கு இன்னொன்றும் வந்தது: செயலாக்கம். நிறுவி 30 நாளுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ மைக்ரோசாப்ட்டிடம் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் உள்ளே நுழைய விடாது. கணினியின் பாகங்களை அதிகமாக மாற்றினால் மறுபடியும் கேட்கும். சான்று வட்டிலிருந்து நகர்ந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போன கட்டம் இது.

கடையில் இன்னொரு வகையும் இருந்தது, ஓஇஎம் உரிமம் என்பார்கள். கணினியோடு சேர்ந்து வருவது. விலை குறைவு, ஆனால் அந்தக் கணினியோடு பிறந்து அதோடு சாகும். இன்னொரு கணினிக்கு எடுத்துப் போக முடியாது. முழுப் பதிப்பைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். மேம்படுத்தல் பதிப்பையும் மாற்றலாம்தான், ஆனால் புதிய கணினியிலும் ஒரு தகுதியான பழைய உரிமம் இருக்க வேண்டும். அந்த 100 டாலரின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். கணினியை அடிக்கடி மாற்றிக் கட்டுபவருக்கு முழுப் பதிப்பு லாபம். கடையில் கட்டிய கணினியை வாங்கி அது ஓயும்வரை பயன்படுத்துபவருக்கு மேம்படுத்தலே போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் இரண்டாம் வகைதான்.

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் மைக்ரோசாப்ட் மொத்தமாக விற்கும் உரிமங்களில், மேசைக் கணினிக்கான விண்டோஸ் உரிமம் மேம்படுத்தல் உரிமம்தான். ஒவ்வொரு கணினிக்கும் அடியில் ஒரு தகுதியான உரிமம் முதலில் இருந்தாக வேண்டும். “மொத்த உரிமம் இருக்கே, கணினியை விண்டோஸ் இல்லாமல் மலிவா வாங்கிக்கலாம்” என்று நினைப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் ஒப்பந்தப்படி தவறு. கட்டடம் இல்லாமல் மாடி கட்ட முடியாது அல்லவா?

2007 ஜனவரி 30இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா பிடியை இன்னும் இறுக்கியது. எக்ஸ்பி மேம்படுத்தலில் காலி வன்தட்டு என்றாலும் பழைய குறுவட்டைக் காட்டித் தப்பிக்கலாம். விஸ்டாவில் அதுவும் போச்சு. பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து தொடங்க வேண்டும். வன்தட்டு பழுதாகிவிட்டால் என்ன செய்வது? முதலில் எக்ஸ்பியைப் போட்டு, அதன் மேல் விஸ்டாவைப் போட வேண்டும். ஓட்டை கண்டுபிடிக்க ஆட்களுக்கு நேரம் ஆகவில்லை. எண் எதுவும் கொடுக்காமல் விஸ்டாவையே சோதனைப் பதிப்பாக ஒரு முறை நிறுவுவார்கள். பிறகு அதற்குள்ளிருந்தே மேம்படுத்தலைத் தொடங்குவார்கள். விஸ்டா தன்னையே பழைய விண்டோஸாக ஏற்றுக்கொண்டது. பழைய உரிமம் இல்லாதவர் இதைச் செய்வது ஒப்பந்த மீறல்தான். ஆனால் உரிமம் வைத்திருந்த நேர்மையானவருக்கும் அந்தக் குறுக்கு வழிதான் நேரம் மிச்சம் பிடித்தது.

இதே காலத்தில் ஆப்பிள் என்ன செய்தது என்பதையும் ஒரு பார்வை பார்ப்போம். ஆப்பிள் இயங்குதளம் ஆப்பிள் கணினிக்கு மட்டும்தான், ஒவ்வொரு கணினியோடும் அது வந்தே தீரும். ஆகவே கடையில் விற்ற ஒவ்வொரு பெட்டியும் பெயர் சொல்லாத மேம்படுத்தல்தான். 2009 ஆகஸ்டில் ஸ்நோ லெபர்டை 29 டாலருக்கு விற்றது, முந்தைய லெபர்ட் வைத்திருப்பவருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் அந்த வட்டு லெபர்ட் இருக்கிறதா என்று சோதிக்கவே இல்லை. 2013 அக்டோபரில் வந்த மாவரிக்ஸ் முழுக்க இலவசம். லினக்ஸ் பக்கம் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுந்ததில்லை. பெரும்பாலான பதிப்புகள் முழுப் பதிப்புகள், பெரும்பாலான மேம்படுத்தல்கள் இலவசம்.

கேள்வியே மாறிப்போனது

2012 அக்டோபர் 26இல் விண்டோஸ் 8 வந்தது. சாதாரண வாடிக்கையாளருக்குக் கடையில் மேம்படுத்தல் மட்டும்தான். 2013 ஜனவரி 31 வரை அதன் புரோ பதிப்பை 39.99 டாலருக்கே தரவிறக்கலாம். ஓராண்டு கழித்து 8.1 வந்தபோது தலைகீழ். கடையில் முழுப் பதிப்பு மட்டும், 119.99 டாலரிலிருந்து. விண்டோஸ் 8 வைத்திருப்பவருக்கு இலவசம். இருபது ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பெட்டிகளில் முதலில் ஒன்று காணாமல்போய், பிறகு மற்றது காணாமல்போனது.

2015 ஜூலை 29இல் வந்த விண்டோஸ் 10, விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் ஓராண்டு இலவச மேம்படுத்தல். இதுவரை வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்டதை இப்போது நிறுவனம் கையைப் பிடித்துக் கொடுத்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. 2016இல் அறிவிப்புப் பெட்டியை மூடும் குறியைத் தட்டினாலும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. தன் கணினி கேட்காமலேயே மேம்படுத்தப்பட்டு வேலை கெட்டது என்று கலிஃபோர்னியாவில் பயணத் தொழில் செய்த ஒருவர் வழக்குப் போட, 10,000 டாலர் இழப்பீடு தீர்ப்பானது. மைக்ரோசாப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைக் கட்டியது. ஏன் இலவசம் என்று மாணவர்கள் கேட்பார்கள். பெட்டி விற்ற பணத்தைவிட, எல்லாரும் ஒரே பதிப்பில் இருந்து மேகச் சேவைகளையும் சந்தாக்களையும் பயன்படுத்துவது நிறுவனத்துக்கு அதிக லாபம். இலவசம் என்பதும் ஒரு விலைதான் என்று நான் பதில் சொல்வேன்.

சான்றும் இதற்குள் கணினிக்குள்ளேயே போய்விட்டது. விண்டோஸ் 7 வரை கணினியின் உடலில் 25 எழுத்து எண்ணோடு ஓர் ஒட்டுவில்லை இருக்கும். விண்டோஸ் 8இலிருந்து கணினியோடு வரும் எண் தாய்ப்பலகையின் சில்லில் பதிந்து வருகிறது. விண்டோஸ் 10 கணினியின் வன்பொருளையே அடையாளமாக வைத்துக்கொண்டு உரிமத்தைத் தன் சர்வரில் எழுதிவைக்கிறது. தொலைப்பதற்கு வட்டும் இல்லை, கிழிவதற்கு வில்லையும் இல்லை. தாய்ப்பலகை போனால் சான்றும் போகலாம்.

2021 அக்டோபர் 5இல் வந்த விண்டோஸ் 11, தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு இலவசம். ‘தகுதியுள்ள’ என்ற சொல்லில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன்பு தகுதி என்றால் முன்னமே பணம் கட்டியிருக்கிறீர்களா என்று பொருள். இப்போது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா, செயலி அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பொருள். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். 1995இல் தகுதி இல்லாதவருக்கு ஒரு வழி இருந்தது: இன்னொரு 100 டாலர் கொடுத்து விலைகூடிய பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்குப் பழைய கணினிக்கு அந்த வழி இல்லை. கடையில் விண்டோஸ் 11 உரிமத்தை முழு விலை கொடுத்து வாங்கினாலும் செயலி பட்டியலில் ஏறிவிடாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பள்ளிக் கணினிக்கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் மைக்ரோசாப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஒவ்வொரு கணினியிலும் ஓட்டிப் பார்த்து, தேறியது எது, தேறாதது எது என்று முதலில் பட்டியல் போடுங்கள். தேறாதவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தனியாக வாங்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாப்ட் அறிவித்த விலை, கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர். மூன்று ஆண்டுக்கு மேல் நீட்டிப்பு கிடையாது. அதற்குள் புதுக் கணினிக்கான மானியத்தைக் கேட்பதா, லினக்ஸ் போட்டு ஓட்டுவதா என்று பள்ளி முடிவெடுத்துக்கொள்ளலாம். துடைத்துவிட்டுப் போடுவதென்று முடிவானால், அதற்கு முன் எழுத்துரு அடைவை ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.